கீவாவுக்கு எந்த வழியில் போவது: விமானமா, ரயிலா, பாலைவனச் சாலையா?

உஸ்பெகிஸ்தானுக்குப் போகத் திட்டமிடுபவர்களுக்கு டாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா மூன்றையும் கோப்பதில் பெரிய சிரமம் இல்லை. மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் டாஷ்கண்டிலிருந்து புகாராவுக்கு நாலு மணி நேரம்தான். சிக்கல் நாலாவது ஊரில்தான். கீவா புகாராவைத் தாண்டி இன்னும் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வடமேற்கே, துர்க்மெனிஸ்தான் எல்லையை ஒட்டி இருக்கிறது. இடையில் கிசில்கும் பாலைவனம். வரைபடத்தில் அந்தத் தூரத்தைப் பார்த்ததும் பலர் கீவாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

எடுக்காதீர்கள். டாஷ்கண்டிலும் சமர்கண்டிலும் பழைய கட்டடங்கள் புதிய நகரத்துக்கு நடுவே தனித்தனியாக நிற்கும். கீவாவில் ஊரே முழுசாக நிற்கிறது. இச்சான் கலா என்கிற உள்கோட்டையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மண்மதில், நாலு திசைக்கு நாலு வாசல், உள்ளே மதரஸாக்கள், மசூதிகள், மினார்கள், அவற்றுக்கு நடுவே இன்றும் குடும்பங்கள் வாழும் வீடுகள். 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்றைய உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கும் இடங்களில் அந்தப் பட்டியலில் முதலில் ஏறியது இதுதான். ஆகவே போவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தடவை தரைவழி, ஒரு தடவை ஆகாய வழி. போகும்போது புகாராவிலிருந்து பகல் ரயில், திரும்பும்போது பக்கத்து ஊரான உர்கெஞ்சிலிருந்து டாஷ்கண்டுக்கு விமானம். இரண்டு பக்கமும் விமானம் என்றால் கீவா எந்த மாதிரி ஊர் என்பதே பிடிபடாது. இரண்டு பக்கமும் தரைவழி என்றால் ஒரே பாலைவனத்தை இரண்டு முறை கடந்து, ஊரில் இருக்க வேண்டிய நேரத்தை வண்டியில் செலவழிப்பீர்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் பார்க்கலாம்.

பாலைவனத்தைப் பார்த்துவிட்டுப் போவது ஏன் முக்கியம்

கீவா ஒரு சோலை நகரம். கிழக்கே கிசில்கும், தெற்கே கராகும். நடுவில் ஆமு தாரியா ஆறு வந்து கால்வாய்களாகப் பிரிந்து பாயும் கொஞ்சம் பசுமை, அதுதான் குவாரஸ்ம். இந்த நிலத்துக்கு வந்து சேர்வது எவ்வளவு கடினமாக இருந்ததோ அந்த அளவுக்கு இதன் வரலாறும் அமைந்தது. 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மொராக்கோ பயணி இப்ன் பதூதா, குவாரஸ்மிலிருந்து புகாராவுக்கு 18 நாள் மணல்வழி, நடுவில் ஒரே ஒரு ஊர்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த ஊரின் பெயர் காத். அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கார் அந்த வழியாகத்தான் போகும்.

ரஷ்யப் படைக்கும் இது எளிதாக இருக்கவில்லை. 1839 நவம்பரில் பெரோவ்ஸ்கி என்ற தளபதி ஓரன்பர்கிலிருந்து சுமார் 5,000 வீரர்களையும் 10,000 ஒட்டகங்களையும் கூட்டிக்கொண்டு கீவாவைப் பிடிக்கக் கிளம்பினார். கோடையில் தண்ணீர் கிடைக்காது, குளிர்காலத்தில் பனியை உருக்கிக் குடிக்கலாம் என்பது கணக்கு. பனி கணக்குக்கு மேல் கொட்டியது. ஒட்டகங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, வீரர்கள் குளிரிலும் நோயிலும் இறந்தார்கள். கீவாவின் மதிலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் மிச்சப் படை திரும்பியது. 1873இல்தான் ரஷ்யர்கள் ஊருக்குள் வந்தார்கள். அப்போதும் பல திசைகளிலிருந்து பல படைகளாக வர வேண்டியிருந்தது.

இத்தனை பேரைத் தடுத்த அந்த வெற்று நிலத்தை விமான ஜன்னலிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பரப்பாகப் பார்த்துவிட்டு இறங்கினால், மதிலும் வாசல்களும் அழகான கட்டட வேலையாக மட்டும்தான் தெரியும். அதனால்தான் ஒரு வழியாவது தரையில், அதுவும் பகலில் என்கிறேன்.

புகாராவிலிருந்து பகல் ரயில்

2018 வரைக்கும் ரயில் உர்கெஞ்சோடு நின்றுவிடும். அங்கிருந்து கீவாவுக்கு 35 கிலோமீட்டர் டாக்ஸியில் போக வேண்டும். அந்த ஆண்டு தண்டவாளத்தைக் கீவா வரை நீட்டினார்கள். இந்த ஒரு மாற்றம் ஒப்பீட்டையே தலைகீழாக்கிவிட்டது. பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் "கார்தான் வசதி" என்று சொல்வதற்குக் காரணம், அவை இந்த நிலையம் வருவதற்கு முன்னால் எழுதப்பட்டவை.

புகாராவிலிருந்து கீவாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். புகாரா நிலையம் பழைய நகரத்தில் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ககான் என்ற ஊரில் இருக்கிறது. காலை வண்டி என்றால் விடுதியிலிருந்து அரை மணி நேர டாக்ஸியையும், நிலையத்தில் பாஸ்போர்ட்டும் பைகளும் சோதிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

பெட்டி வகை மூன்று. பிளாட்ஸ்கார்ட் என்பது கதவில்லாத திறந்த பெட்டி, நம்மூர் ஸ்லீப்பர் கோச் மாதிரிதான், பக்கவாட்டுப் படுக்கை உட்பட. கூப்பே என்பது கதவுள்ள நாலு படுக்கை அறை. எஸ்வி என்பது இரண்டு படுக்கை அறை. பகல் பயணத்துக்குக் கூப்பேயின் கீழ்ப்படுக்கை நல்ல தேர்வு; ஜன்னலும் மேசையும் உங்களுடையது. ஆனால் பேச்சுத் துணை வேண்டுமென்றால் பிளாட்ஸ்கார்ட்தான். ஏறிய பத்தாவது நிமிடத்தில் எதிரே இருப்பவர் ரொட்டியைக் கையால் பிட்டு மேசையில் வைப்பார், தக்காளியும் வெள்ளரியும் பையிலிருந்து வெளியே வரும், உங்களுக்கும் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தேநீர் ஊற்றுவார். கிண்ணத்தைப் பாதிக்கும் குறைவாகத்தான் நிரப்புவார்கள். தேநீர் குறைவாக இருந்தால் மரியாதை அதிகம்: ஆறாமல் குடித்து, திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று பொருள். "இந்தியாவா?" என்று கேட்டதும் ஷாருக்கான் பெயரோ ராஜ் கபூர் பெயரோ வரும், வயதைப் பொறுத்தது. சென்னையும் மதுரையும் எங்கே இருக்கின்றன என்பதைக் கையில் படம் வரைந்துதான் காட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கோடியில் வெந்நீர்க் கொதிகலன் உண்டு. பெட்டிப் பணியாளர், அதாவது புரவோத்னிக், டிக்கெட்டைப் பார்த்து ஏற்றுவதிலிருந்து இறங்கும் ஊரை ஞாபகப்படுத்துவது வரை எல்லாம் பார்த்துக்கொள்வார். கோப்பையும் தேயிலைப் பொட்டலமும் கையில் இருந்தால் போதும். சாப்பாட்டை வண்டியை நம்பி விடாதீர்கள், முக்கியமாகச் சைவர்கள். புகாரா பஜாரில் ரொட்டி, உலர்ந்த பாதாமி, வாதாம், பழம் வாங்கிவைத்தால் ஆறு மணி நேரம் தாராளமாக ஓடிவிடும்.

ஜன்னலுக்கு வெளியே முதல் இரண்டு மணி நேரத்தில் "ஒன்றுமே இல்லையே" என்று தோன்றும். மணல்மேடு என்று சினிமாவில் பார்த்த மாதிரி உயரமான அலைகள் இருக்காது. சாம்பலும் பழுப்புமான மட்டமான நிலம், அதில் சக்சவுல் என்கிற முறுக்கிய புதர்கள், மணல் தண்டவாளத்தில் ஏறாமலிருக்கக் குத்திவைத்த நாணல் வேலிகள், எப்போதாவது நிலையம் என்று பெயருக்கு ஒரு வெள்ளைக் கட்டடம். பார்த்துக்கொண்டே இருங்கள். பயணத்தின் கடைசிப் பகுதியில் ஆமு தாரியா பாலம் வரும். அகலமான, காப்பி நிறத்து ஆறு, நடுநடுவே மணல்திட்டுகள். ஒருகாலத்தில் ஏரல் கடலுக்குப் போய்ச் சேர்ந்த தண்ணீர் இது. பருத்திக்காகக் கால்வாய்களில் திருப்பியதில் அந்தக் கடலே வற்றிப்போனது. பாலத்தைத் தாண்டியதும் காட்சி மாறுவதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. வாய்க்கால், வரிசையாகப் பாப்லர் மரங்கள், பட்டுப்புழுவுக்காகத் தலையை வெட்டி வெட்டிக் குட்டையாகத் தடித்த முசுக்கட்டை மரங்கள், பருத்தி வயல், நெல் வயல், கழுதை வண்டி, பிள்ளைகள். ஒட்டகத்தில் வந்தவனுக்கு இந்தப் பச்சை என்னவாக இருந்திருக்கும் என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.

கீவா நிலையத்திலிருந்து உள்கோட்டையின் கிழக்கு வாசலான பல்வான் தர்வாஸாவுக்கு அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். டாக்ஸி பேரம் என்ற தொல்லை இல்லை. இந்த வாசலை ஒட்டித்தான் பழைய அடிமைச் சந்தை இருந்தது. பாரசீகர்களையும் ரஷ்யர்களையும் பிடித்துவந்து விற்றார்கள். அந்த இருட்டு வளைவு வழியாக ஊருக்குள் நுழைவது ஒரு அனுபவம்.

ரயிலின் குறை என்ன? பகல் வண்டி எல்லா நாளும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது; அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. சில வண்டிகள் புகாராவை நள்ளிரவில் தொட்டு விடிகாலையில் கீவா போய்ச் சேரும். தூக்கமும் போய், காட்சியும் போய்விடும். அப்படிப்பட்ட வண்டி மட்டும்தான் உங்கள் தேதிக்கு இருக்கிறது என்றால் அடுத்ததாகச் சொல்லும் காரைத் தேர்ந்தெடுங்கள்.

டாஷ்கண்டிலிருந்து இரவு ரயில்

ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், 14 மணி நேரத்துக்கு மேல். ஒரு விடுதிச் செலவு மிச்சம், விமானத்தைவிட மலிவு. சமர்கண்டும் புகாராவும் வேண்டாம், நேரே கீவா என்று இருப்பவர்களுக்கு, அல்லது மற்ற ஊர்களைத் திரும்பும் வழியில் பார்ப்பவர்களுக்கு இது சரி. காலையில் விழித்தால் பாலைவனம் ஜன்னலில் இருக்கும் என்பதால் நான் சொன்ன பகல் வெளிச்ச நிபந்தனையும் ஓரளவு நிறைவேறிவிடும். பழைய பெட்டிகளில் கோடையில் குளிர்சாதனம் தள்ளாடும். ஜூலையில் இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். முதுகுவலி உள்ளவர்கள் மேல்படுக்கை எடுக்காதீர்கள், ஏணி என்று இருப்பது ஒரு சிறு மிதிபடிதான்.

இந்த விஷயத்தில் ஒரு பெரிய மாற்றம் வருகிறது. புகாராவிலிருந்து கீவா வரைக்குமான தடத்தை மின்மயமாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2024இல் தென்கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம் நிறுவனத்திடமிருந்து ஆறு அதிவேக ரயில்கள் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். டாஷ்கண்ட்–கீவா தடத்தை மனதில் வைத்துத்தான். திட்டம் போடும்போது ரயில்வே தளத்தில் அதிவேக வண்டி காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காட்டினால் இரவு ரயிலை மறந்துவிடலாம்.

பாலைவனச் சாலையில் கார்

இதில் இரண்டு விதம். ஒன்று பங்கு டாக்ஸி: பஜார் ஓரத்து நிறுத்தத்தில் நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும். இரண்டு, முழு வண்டியையும் நீங்களே பேசிக்கொள்வது. வண்டி பெரும்பாலும் உள்நாட்டிலேயே தயாராகும் வெள்ளை ஷெவர்லே கோபால்டாக இருக்கும். புகாராவிலிருந்து கீவாவுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். சாலை பெரும்பகுதி கான்கிரீட் போட்டு நன்றாக இருக்கிறது. நடுவே குலுக்கும் பகுதிகளும் உண்டு.

தனியாகப் போகிறவர் பணத்தை மிச்சப்படுத்தப் பங்கு டாக்ஸியில் ஏறுவதில் அர்த்தமில்லை. ஒரு இருக்கையின் விலை ரயில் படுக்கையைவிடக் குறைவதில்லை. நாலாவது ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும், குளிர்காலத்தில் அது மணிக்கணக்கில் போகும். பின் இருக்கையின் நடுவில் மாட்டினால் எட்டு மணி நேரமும் முழங்கால் தாடைக்குப் பக்கத்தில். ஓட்டுநர் வழியில் எங்கும் நிறுத்த மாட்டார்.

முழு வண்டி வேறு கதை. மூன்று நாலு பேராகப் போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் யோசியுங்கள். காரணம், வழியில் நிறுத்தலாம். எங்கே நிறுத்துவது என்பதையும் பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் கேட்டால் கூடுதல் பணம் கேட்பார்கள், அது நியாயமும்கூட.

முதல் நிறுத்தம் நீங்கள் தேர்ந்தெடுப்பதல்ல, வண்டி தேர்ந்தெடுப்பது. இங்கே ஏராளமான கார்கள் மீத்தேன் வாயுவில் ஓடுகின்றன. நிரப்பும் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஓட்டுநர் எல்லோரையும் இறக்கிவிடுவார். பாதுகாப்பு விதி: வாயு ஏற்றும்போது வண்டியில் யாரும் இருக்கக் கூடாது. பயணிகள் சுவருக்கு வெளியே நிழல் தேடி நிற்க, வண்டி மட்டும் உள்ளே வரிசையில் நகரும். அரை மணி ஆகலாம். தண்ணீர்ப் புட்டியையும் தொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள், வண்டியில் விட்டுவிடாதீர்கள்.

காஸ்லி என்ற ஊரைத் தாண்டியதும் தனிமை. 1950களில் இங்கே இயற்கை வாயு கண்டுபிடித்தார்கள். 1976லும் 1984லும் பூகம்பம் இந்த ஊரைச் சிதைத்தது. அப்புறம் வெகுதூரம் தேநீர்க்கடைகளும் லாரிகளும் மட்டும்தான். பிறகு ஓரிடத்தில் சாலை ஆமு தாரியாவை நெருங்கும். மேட்டில் ஏறி நின்றால் கீழே ஆறு, எதிர்க்கரை துர்க்மெனிஸ்தான். ரயிலில் இந்தக் காட்சி கிடைக்காது.

அடுத்து பெருனி. பழைய காத் இதுதான். இப்ன் பதூதா சொன்ன அந்த ஒரே ஊர். கி.பி. 973இல் இந்தப் பக்கம் பிறந்தவர்தான் அல்-பிரூனி. கஜினி முகமதுவின் அரசவையில் இருந்தபோது சமஸ்கிருதம் கற்று, இந்தியாவின் கணிதத்தையும் வானியலையும் சமயங்களையும் பொறுமையாக எழுதிவைத்த அதே மனிதர். நம் நாட்டை ஆயிரம் ஆண்டுக்கு முன் இவ்வளவு கவனமாகப் படித்த ஒருவரின் சொந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதே எனக்கு அந்தச் சாலையின் மேல் தனி மதிப்பை உண்டாக்கிவிட்டது. பெருனியில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்.

காரை நான் ரயிலுக்குச் சமமாக வைப்பதற்கு உண்மையான காரணம் பெருனிக்கு வடக்கே இருக்கிறது. எல்லிக் கலா, ஐம்பது கோட்டை நிலம் என்று அழைக்கப்படும் பகுதி. டோப்ராக் கலா, அயாஸ் கலா, கிசில் கலா. கீவாவின் மினார்கள் இன்றைக்கு நிற்பவற்றில் பல 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. இஸ்லாம் கோஜா மினார் 1910இல்தான் முடிந்தது. இந்த மண்கோட்டைகளோ ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆண்டுப் பழையவை. அயாஸ் கலாவின் மேல் மதிலில் நின்றால் கீழே இன்னொரு கோட்டை, அதற்கு அப்பால் பாலைவனம், காற்று. டிக்கெட் வரிசை இல்லை, கூட்டம் இல்லை. ஆற்றின் கால்வாய் திசை மாறினால் ஊர் என்ன ஆகும் என்பது அங்கே அப்படியே தெரிகிறது. புகாராவிலிருந்து வரும் வழியிலேயே இரண்டு கோட்டைகளைப் பார்த்துவிட்டுக் கீவா சேர முடியும். ஆனால் அன்று காலை ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும், இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள். முதியவர்கள் இருந்தால் இப்படிச் செய்யாதீர்கள். ரயிலில் வந்து, கீவாவில் தங்கி, ஒரு நாள் கார் எடுத்து நிதானமாகப் போய் வாருங்கள்.

இரவில் இந்தச் சாலையில் பயணம் வேண்டவே வேண்டாம். விளக்கில்லாத நீளமான சாலை, லாரிகள், தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஓட்டுநர்கள். யார் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

விமானம்

கீவாவில் விமான நிலையம் கிடையாது. உர்கெஞ்சில் இறங்க வேண்டும். டாஷ்கண்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். உஸ்பெகிஸ்தான் ஏர்வேஸ்தான் பிரதான சேவை. உர்கெஞ்சிலிருந்து கீவாவுக்கு டாக்ஸியில் முக்கால் மணி நேரம். நிலைய வாசலில் சூழ்ந்துகொள்ளும் ஓட்டுநர்கள் சொல்லும் முதல் விலையை ஏற்க வேண்டியதில்லை. தங்கும் விடுதியிடம் முன்பே சொன்னால் வண்டி அனுப்புவார்கள். எனக்கு அதுதான் நிம்மதியான வழி.

விமானத்துக்கு எதிராக நான் பேசவில்லை. கையில் ஐந்து நாள்தான் லீவு இருக்கிறது, அம்மா அப்பாவோடு போகிறீர்கள், சின்னக் குழந்தை இருக்கிறது, ஜூலை வெயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விமானம் எடுங்கள். பயணத்தின் பாதி நாளை வண்டியில் வைத்து அவர்களை வாட்டுவதில் எந்தச் சிறப்பும் இல்லை. அப்படிப் போனால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: கீவாவிலிருந்து ஒரு காலை நேரம் கார் எடுத்து ஆற்றைத் தாண்டிக் கிசில்கும் ஓரம் வரை போய் வாருங்கள். பாலைவனத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை.

விமானத்தில் உண்மையில் மிச்சமாகும் நேரத்தையும் சரியாகக் கணக்குப் போடுங்கள். டாஷ்கண்டில் ஒன்றரை மணி நேரம் முன்னால் போக வேண்டும், பறக்கும் நேரம் ஒன்றரை, பெட்டிக்குக் காத்திருப்பதும் டாக்ஸியும் ஒன்றேகால். ஆக நாலு மணிக்கு மேல். புகாராவில் இருப்பவருக்கு ரயிலோ ஆறு மணி நேரம். அவர் டாஷ்கண்டுக்குத் திரும்பி வந்து விமானம் ஏறுவதில் ஒரு லாபமும் இல்லை. டாஷ்கண்டில் இருப்பவருக்கோ ரயிலோடு பார்த்தால் பத்து மணி நேரம் மிச்சம். எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதே பாதி விடை.

திரும்பும் பயணத்தில் இது இன்னும் தெளிவு. கீவா வழியின் கடைசி ஊர். பார்த்து முடித்ததும் வந்த வழியே திரும்புவது மனத்துக்கும் உடம்புக்கும் சலிப்பு. மாலை விமானம் எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு டாஷ்கண்ட். ஆனால் அதே இரவில் டெல்லிக்குப் போகும் விமானத்தைப் போட்டுவைக்காதீர்கள். குளிர்காலத்தில் மூடுபனியால் சேவை தாமதமாகும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியிருந்தால் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். டாஷ்கண்டில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

மற்ற வழிகள்

டாஷ்கண்டிலிருந்து நெடுந்தூரப் பேருந்து: ரயிலை விட்டு இதை எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நுகுஸ் வழி: உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கும் தன்னாட்சிக் குடியரசான கரகல்பாக்ஸ்தானின் தலைநகரமான நுகுஸில் சவிட்ஸ்கி அருங்காட்சியகம் இருக்கிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோ ஏற்காத ஓவியங்களை இந்தப் பாலைவன ஊரில் சேர்த்துக் காப்பாற்றிவைத்தார் சவிட்ஸ்கி. அதையும், கடல் வற்றி மணலில் கப்பல்கள் நிற்கும் முய்நாக்கையும் பார்க்க விருப்பமென்றால் டாஷ்கண்டிலிருந்து நுகுஸுக்குப் பறந்து, அங்கிருந்து இரண்டரை மூன்று மணி நேரக் காரில் கீவாவுக்கு வரலாம். கோட்டைகளும் இந்த வழியிலேயே வந்துவிடும். நேரம் இருப்பவர்களுக்கு இது மிக நல்ல வழி. இரண்டாவது முறை உஸ்பெகிஸ்தான் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

துர்க்மெனிஸ்தான் பக்கமிருந்து தஷோகுஸ் எல்லை வழியாகவும் வரலாம். விசா, அழைப்புக் கடிதம், கூடவே வழிகாட்டி என்று நடைமுறை அதிகம். அந்தப் பக்கத்தில் இருக்கும் பழைய நகரமான கோன்யே உர்கெஞ்சை எப்படியும் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

உர்கெஞ்சுக்கும் கீவாவுக்கும் இடையே 1997இல் ஒரு ட்ராலிபஸ் தடம் தொடங்கினார்கள். மேலே மின்கம்பி, கீழே வயல் நடுவே 35 கிலோமீட்டர். ஊர்களுக்கு இடையே ட்ராலிபஸ் என்பது உலகத்திலேயே அபூர்வம். விடுதியில் விசாரித்துவிட்டுச் சும்மா ஒரு மாலை ஏறிப் பாருங்கள். பெட்டி படுக்கையோடு, விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இதை நம்பாதீர்கள்.

பருவமும் தேதியும்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் என்றால் எந்த வழியும் சரி. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான நாற்பது நாளைச் சில்லா என்பார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நமக்குப் பழக்கமான புழுக்கம் இல்லை, உதடு வெடிக்கும் வறட்சி. அப்போது கார், பழைய ரயில் பெட்டி இரண்டையும் தவிருங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். பெட்டிகளைச் சூடாகவே வைத்திருப்பார்கள், ஆகவே ரயில் பயணத்துக்கு அது நல்ல காலம். மதில் மேல் பனி படிந்த கீவாவும் பார்க்க வேண்டியதுதான்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஈ-விசா உண்டு. விடுதிகள் உங்கள் தங்கலைப் பதிவு செய்யும். ரயிலில் கழித்த இரவுக்கு அந்த டிக்கெட்தான் அத்தாட்சி, ஊர் திரும்பும் வரை பத்திரமாக வையுங்கள். ரயில்வேயின் தளத்தில் கீவாவைத் தேடும்போது ஆங்கில 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கியும் அடித்துப் பாருங்கள். உஸ்பெக் எழுத்துமுறையில் அப்படித்தான் இருக்கும். 'கே' எழுத்தில் மட்டும் தேடிவிட்டு வண்டியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

முன்பதிவு எந்த வரிசையில் என்று கேட்டால்: முதலில் உர்கெஞ்ச்–டாஷ்கண்ட் விமானம், ஏனென்றால் அது மலிவாகக் கிடைக்கும் நாளை வைத்து மற்றதை நகர்த்தலாம். அடுத்து கீவாவில் மதிலுக்கு உள்ளேயே இரண்டு இரவு தங்க இடம். பகல் கூட்டம் போன பிறகும், விடிகாலையிலும்தான் அந்த ஊர் முழுசாக உங்களுக்குக் கிடைக்கும். பிறகு புகாரா–கீவா ரயில். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே தளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள், பருவ காலத்தில் கூப்பே கீழ்ப்படுக்கைகள் முதலில் தீரும். ரயில் கிடைக்கவில்லை என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் புகாரா விடுதியில் சொல்லிக் கார் பேசிக்கொள்ளுங்கள். திட்டத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது.